சம்பாதித்த குணம் பிள்ளைக்குப் போகுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மரபணுக்களைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: எபிஜெனெடிக்ஸ் (டிஎன்ஏ மாறாமலே மரபணுவின் வேலை மாறுவது), லாமார்க், முன்னோர் பட்ட பாடு நம் உடம்பில் இருக்கிறதா என்ற கேள்வி. அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். லாமார்க் சொன்னது தவறு, டார்வின் சொன்னது சரி என்றுதான் பாடத்தில் இருக்கிறது. ஒரு மாணவி யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "மிஸ், எபிஜெனெடிக்ஸ் வந்த பிறகு லாமார்க்தான் ஜெயிச்சுட்டாராம்" என்கிறாள். நான் என்ன சொல்வது? – ஓர் ஆசிரியை, கரூர்

ஜெயிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள், அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. லாமார்க் என்ன சொன்னார் என்பதையே நாம் பாதிதான் சொல்லித் தருகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ழான் பாப்டிஸ்ட் லாமார்க் (1744–1829) பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் பேராசிரியராக இருந்தவர். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று 1809-லேயே புத்தகம் போட்டுச் சொன்னார். டார்வின் பிறந்ததே அந்த வருஷம்தான். அவர் கொள்கையில் இரண்டு சக்திகள் வேலை செய்கின்றன. ஒன்று, எளிய உயிர் தானாகவே சிக்கலான உயிராக ஏறிக்கொண்டே போகும் ஓர் உள் உந்துதல். இன்னொன்று, சூழல் மாறினால் பிராணியின் தேவை மாறும், தேவை மாறினால் பழக்கம் மாறும், பழக்கம் மாறினால் பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாத உறுப்பு தேயும், அப்படி வந்த மாற்றம் குட்டிக்கும் போகும் என்பது. உயர இலைக்கு எட்டி எட்டி நீண்டதாகச் சொல்லும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து இந்த இரண்டாவதில்தான் வருகிறது. முதல் சக்தியைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை, எபிஜெனெடிக்ஸுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. லாமார்க்கின் கட்டடத்தில் பாதி இப்படியே கழன்றுவிடுகிறது.

மிச்சப் பாதியில், வாழ்நாளில் சம்பாதித்த குணம் பிள்ளைக்குப் போகும் என்பது லாமார்க் கண்டுபிடித்ததே அல்ல. அவருக்கு முன்னும் பின்னும் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். டார்வினும் நம்பினார்! இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். 1859-இல் வந்த அவருடைய நூலிலேயே வீட்டு வாத்தின் எலும்பை நிறுத்துப் பார்த்த கதை வருகிறது: மொத்த எலும்புக்கூட்டின் எடையோடு ஒப்பிட்டால் காட்டு வாத்தைவிட வீட்டு வாத்துக்குச் சிறகெலும்பு எடை குறைவு, காலெலும்பு எடை அதிகம், வீட்டு வாத்து குறைவாகப் பறந்து நிறைய நடப்பதால்தான் இப்படி என்று அவர் எழுதினார். 1868-இல் ஒரு படி மேலே போய், உடம்பின் ஒவ்வொரு பாகமும் நுண்ணிய துகள்களை வெளியே விடுகிறது, அவை இனப்பெருக்க உறுப்பில் வந்து சேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று ஒரு விளக்கமே கொடுத்தார். அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்ட்டன் முயல்களுக்கு வேறு முயல்களின் ரத்தத்தை ஏற்றி, குட்டிகளின் நிறம் மாறுகிறதா என்று சோதித்துப் பார்த்தார். மாறவில்லை.

ஆக, லாமார்க்குக்கும் டார்வினுக்கும் உள்ள வித்தியாசம் சம்பாதித்தது போகுமா போகாதா என்பதில் இல்லை. மாற்றம் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. லாமார்க்குக்கு, தேவைதான் மாற்றத்தைக் கொண்டுவருகிறது. வருகிற மாற்றமே பிராணிக்குப் பொருத்தமானதாக வருகிறது. டார்வினுக்கு, மாற்றங்கள் தேவையைக் கேட்டு வருவதில்லை, எல்லாத் திசையிலும் வருகின்றன. எது பிழைக்கிறது என்பதில்தான் பொருத்தம் உண்டாகிறது. உங்கள் மாணவியிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: எபிஜெனெடிக்ஸில் வருகிற மாற்றம் தேவைக்கு ஏற்ற மாற்றமா? அது கருமுட்டை, விந்தணுவைத் தாண்டிப் போகிறதா? போனாலும் பல தலைமுறை நிற்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் லாமார்க் ஜெயித்தார் என்று சொல்லலாம்.

அப்புறம் அந்த எலி வால் விஷயம். ஜெர்மனியின் ஆகுஸ்ட் வைஸ்மான் 1880-களில் ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டினார், பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமல் பிறக்கவில்லை, அதனால் லாமார்க் தோற்றார் என்று சொல்லித் தருகிறோம். லாமார்க்குக்கு இது அநியாயம். வெட்டினால் போய்விடும் என்று அவர் எங்கே சொன்னார்? பயன்படுத்துவதையும் பயன்படுத்தாமல் விடுவதையும் பற்றித்தானே சொன்னார்? காயமும் ஊனமும் பிள்ளைக்குப் போகும் என்று அந்தக் காலத்தில் பலர் சாதித்துக்கொண்டிருந்தார்கள், வைஸ்மான் அவர்களுக்குத்தான் பதில் சொன்னார். அவருடைய உண்மையான வாதம் வேறு. இனப்பெருக்கச் செல்கள் உடம்பின் மற்றச் செல்களிலிருந்து சீக்கிரமே பிரிந்துவிடுகின்றன, உடம்புக்கு நடப்பது அங்கே போய்ச் சேர வழியில்லை, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்றார். இன்றைய சண்டை முழுக்க அந்தச் சுவரில் ஓட்டை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைப் பற்றித்தான்.

பாரிஸில் தாவரவியல் பூங்காவில் 1909-இல் லாமார்க்குக்குச் சிலை வைத்தார்கள். கடைசிக் காலத்தில் கண்பார்வை போய் வறுமையில் இறந்தவர் அவர். அந்தச் சிலையின் அடியில் இருக்கும் செதுக்கலில், பார்வையிழந்த அவருக்குப் பக்கத்தில் நின்று மகள் சொல்கிறாள்: வருங்காலம் உங்களைப் போற்றும், உங்களுக்காகப் பழி தீர்க்கும் அப்பா என்று. எபிஜெனெடிக்ஸ் செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பழி தீர்ந்த கதையை எழுதப் பத்திரிகைகளுக்கு ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. அவர் போற்றப்பட வேண்டியவர்தான், அதற்கு அவர் சொல்லாததை அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எபிஜெனெடிக்ஸ் என்றால் டிஎன்ஏ மாறாமல் குணம் மாறுவது என்கிறார்கள். மாறாத ஒன்று எப்படி மாறியதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்? – ஒரு வாசகர், தூத்துக்குடி

உங்கள் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். அதற்கு உடம்பு சில குறிகள் வைக்கிறது. டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்கூட்டம் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அங்கே ஒட்டினால் பக்கத்து மரபணு அடங்கிவிடும். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் இப்படிக் குறிகள் உண்டு, டிஎன்ஏவைப் பார்த்து எடுக்கப்படும் சின்னச் சின்ன நகல்களான ஆர்என்ஏக்களும் உண்டு. வீட்டு ஸ்விட்ச் போர்டில் ஒரு ஸ்விட்சை யாரும் போடக்கூடாது என்று மேலே டேப் ஒட்டி வைப்போமே, அப்படி. வயரிங் அப்படியேதான் இருக்கிறது, ஸ்விட்சும் இருக்கிறது, ஆனால் விளக்கு எரியாது. செல் பிரியும்போது இந்த டேப்பையும் சேர்த்து நகலெடுக்கும் நொதி இருக்கிறது, அதனால்தான் கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருகிறது.

இது வரைக்கும் ஒரே உடம்புக்குள் நடப்பது. அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்றால் இந்த டேப் விந்தணுவிலோ கருமுட்டையிலோ இருந்தாக வேண்டும். பாலூட்டிகளில் பிரச்சினையே இங்கேதான். கருவுற்ற உடனே இந்தக் குறிகளில் பெரும்பகுதி உரிக்கப்படுகிறது. அப்புறம் அந்தக் கருவுக்குள்ளேயே, பின்னால் விந்தணுவாகவோ முட்டையாகவோ ஆகப்போகிற செல்கள் உருவாகும்போது இரண்டாவது தடவை, இன்னும் சுத்தமாக. இரண்டு தடவை துடைத்த பிறகும் மிஞ்சுகிற இடங்கள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

மிஞ்சும் இடத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம் அகூட்டி மஞ்சள் எலி. இந்த எலியில் ரோம நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவுக்கு முன்னால், எப்போதோ ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு வந்து குந்திவிட்டது. அந்தத் துண்டின் மேல் மெத்தில் இல்லையென்றால் மரபணு உடம்பு முழுக்க ஓயாமல் வேலை செய்யும். எலி மஞ்சளாக இருக்கும், குண்டாகும், சர்க்கரை நோயும் வரும். மெத்தில் நன்றாக ஒட்டியிருந்தால் அதே எலி பழுப்பாக, ஒல்லியாக இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த, டிஎன்ஏ ஒன்றேயான குட்டிகளில் ஒன்று முழு மஞ்சள், ஒன்று திட்டுத் திட்டாக, ஒன்று பழுப்பு. ஆஸ்திரேலியாவில் எம்மா வைட்லாவின் குழு 1999-இல் காட்டியது என்னவென்றால், தாய் மஞ்சளா பழுப்பா என்பதைப் பொறுத்துக் குட்டிகளின் நிற விகிதம் மாறுகிறது. தந்தையின் நிறத்தால் மாறவில்லை. 2003-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வாட்டர்லாண்டும் ராண்டி ஜர்ட்டலும் தாய் எலிகளுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் சேர்த்துக் கொடுத்தார்கள். பழுப்புக் குட்டிகள் அதிகமாகப் பிறந்தன. சாப்பாடு குறியை மாற்றுகிறது! உலகம் முழுக்கப் படத்தோடு செய்தி வந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பலருக்குத் தெரியாது. அதே வாட்டர்லாண்ட் 2007-இல், இப்படிச் சாப்பாட்டால் கூடிய மெத்தில் தாய்வழியாக அடுத்தடுத்த தலைமுறைக்குப் போகவில்லை என்று காட்டினார். கேம்பிரிட்ஜில் ஆன் ஃபெர்குசன்-ஸ்மித்தின் குழு 2018-இல் எலியின் டிஎன்ஏ முழுக்க இதே மாதிரித் தாவும் துண்டுகளைத் தேடிப் பார்த்தது. எலிக்கு எலி மெத்தில் மாறுபடும் துண்டுகள் பல கிடைத்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு தலைமுறையிலும் துடைத்துப் புதிதாக எழுதப்படுகின்றன. மஞ்சள் எலி புகழ்பெற்றது, ஆனால் அது விதிவிலக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: தாய்க்குக் கிடைத்த வைட்டமினுக்கும் குட்டியின் ரோம நிறத்துக்கும் தேவை என்ற முறையில் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. தற்செயலாக வந்து உட்கார்ந்த துண்டின் மேல் குறி கூடிற்று, அவ்வளவுதான். லாமார்க் கேட்ட பொருத்தம் அங்கே இல்லை.

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில் நம் முன்னோர் பட்டினி கிடந்ததால்தான் நமக்கு இவ்வளவு சர்க்கரை நோய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நெதர்லாந்தில் நிரூபித்துவிட்டார்களாம். தாது வருஷப் பஞ்சத்தில் என் கொள்ளுத் தாத்தா குடும்பமே ஊரைவிட்டுப் போனது. உண்மையா? – ஒரு வாசகர், சேலம்

நெதர்லாந்தில் நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு, நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதை அடைத்தார்கள். அப்புறம் குளிரில் கால்வாய்களும் உறைந்துபோயின. நவம்பர் கடைசியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது, பிறகு 400–800 கலோரி. 1945 மே மாதம் விடுதலை வரும் வரை இதே நிலை. பஞ்சம் எந்த வாரம் தொடங்கியது, எந்த வாரம் முடிந்தது என்பது தெரியும், பிறப்புப் பதிவுகளும் இருக்கின்றன. அதனால் யார் கருவில் எத்தனையாவது மாதத்தில் பட்டினியைச் சந்தித்தார் என்று கணக்கிட முடிந்தது. உலகத்தில் வேறு எந்தப் பஞ்சத்துக்கும் இப்படித் துல்லியமான ஏற்பாடு அமைவது அபூர்வம்.

2008-இல் பாஸ் ஹெய்மான்ஸ், எல். எச். லூமி ஆகியோரின் குழு, கரு தரித்த சமயத்தில் பஞ்சத்தில் மாட்டிய 60 பேரை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டது. அறுபது வருஷம் கழித்தும், வளர்ச்சிக்கு முக்கியமான ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மெத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இது பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் யாருடைய உடம்பில் பார்த்தார்கள்? பட்டினியை நேரடியாகக் கருவிலேயே அனுபவித்தவருடைய உடம்பில். அது அவருக்கே பட்ட தழும்பு, முன்னோர் சொத்தாக வந்தது அல்ல.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். கர்ப்பிணி பட்டினி கிடக்கிறாள் என்றால் அவளும் பட்டினி, வயிற்றுக்குள் இருக்கும் பெண் கருவும் பட்டினி, அந்தக் கருவுக்குள் அப்போதே உருவாகிவிட்ட முட்டைச் செல்களும் பட்டினி. அந்த முட்டையிலிருந்து நாளைக்குப் பிறக்கப்போகிற பேத்தியும், ஒரு வகையில், அந்தப் பஞ்சத்தில் இருந்தவளே. ஆகவே தாய்வழியில் கொள்ளுப் பேரப்பிள்ளை வரை போனால்தான், பஞ்சத்தை எந்த வகையிலும் தொடாத ஒருவரிடம் குறி இருக்கிறதா என்று கேட்கவே முடியும். மனிதரில் அந்தத் தூரத்துக்குச் சந்தேகமில்லாத ஆதாரம் கிடையாது. ஸ்வீடனின் வடக்கே ஓவர்காலிக்ஸ் என்ற ஊரில் பழைய அறுவடைக் கணக்குகளையும் சர்ச் பதிவுகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், பையனாக இருந்தபோது தாத்தாவுக்குக் கிடைத்த சாப்பாட்டுக்கும் பேரனின் ஆயுளுக்கும் தொடர்பு காட்டின. சுவையான ஆய்வுதான், ஆனால் சிறிய ஊர், குறைந்த ஆட்கள். அதில் மெத்திலையோ ஆர்என்ஏவையோ யாரும் அளக்கவும் இல்லை.

தாது வருஷப் பஞ்சம் 1876–78-இல் வந்தது. அதில் மாட்டியவர்களின் குறி இன்றைக்கு உங்கள் உடம்பில் நிற்கிறது, அதனால்தான் உங்களுக்குச் சர்க்கரை என்று சொல்ல ஒரு ஆய்வும் கிடையாது. நம்மிடம் கண்முன்னே இருக்கிற ஆதாரம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல வருஷமாகத் தாய்-சேய் ஆய்வு நடத்தி வருகிறார். அங்கே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் தசைதான் அதிகமாகக் குறைந்திருந்தது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இப்படிப் பிறந்த பிள்ளை பின்னால் வயிறு நிறைய அரிசியும் சர்க்கரையும் சாப்பிட்டு உட்கார்ந்தே வேலை செய்தால் என்ன ஆகும்? இதற்கு 150 வருஷம் பின்னால் போக வேண்டியதில்லை. இந்த வருஷம் கர்ப்பமாக இருக்கும் பெண் என்ன சாப்பிடுகிறாள், எந்த வயதில் கல்யாணம் ஆகிறது, கடைசியாக அவள் சாப்பிடும்போது பாத்திரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்தால் போதும். பஞ்சத்துக்குக் காரணமானவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. இன்று நம் கையில் இருப்பதை 1876-இன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: போர்க்காலத்தில் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவள் நான். இப்போது என் மகளுக்குச் சின்னச் சத்தம் கேட்டாலே பயம். என் பயம் மரபணு வழியாக அவளுக்குப் போய்விட்டதோ? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

அக்கா, அப்படி முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்தப் பேச்சு பரவியதற்கு இரண்டு ஆய்வுகள் முக்கியக் காரணம். ஒன்று, நியூயார்க்கில் ரேச்சல் யெஹூடா 2016-இல் வெளியிட்டது. யூதப் படுகொலையில் பிழைத்த 32 பேர், அவர்களுடைய பிள்ளைகள் 22 பேர். மன அழுத்தத்தோடு தொடர்புடைய எஃப்கேபிபி5 என்ற மரபணுவில் மெத்திலைப் பார்த்தார்கள். பெற்றோருக்கும் வித்தியாசம் இருந்தது, பிள்ளைகளுக்கும் இருந்தது. ஆனால் பெற்றோருக்கு மெத்தில் கூடியிருந்தது, பிள்ளைகளுக்குக் குறைந்திருந்தது! எதிர்த் திசை. அப்பா அம்மாவின் குறி அப்படியே இறங்கி வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு வைத்துக்கொண்டவர்கள் 8 பெற்றோர், 9 பிள்ளைகள்தான். அதோடு, பார்த்ததும் ரத்தத்தில்தான், விந்தணுவிலோ முட்டையிலோ இல்லை.

இன்னொன்று, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பிரையன் டயஸும் கெர்ரி ரெஸ்லரும் ஆண் எலிகளுக்குச் செர்ரிப் பழம் போன்ற ஒரு வாசனையைக் காட்டி, கூடவே காலில் லேசாக ஷாக் கொடுத்தது. குட்டிகளும், குட்டியின் குட்டிகளும் அந்த வாசனைக்கு அதிகமாகத் திடுக்கிட்டன என்று 2013 கடைசியில் எழுதினார்கள். மூக்கில் நடந்தது விந்தணுவில் சரியாக அந்த வாசனையை உணரும் ஒரு மரபணுவைத் தேடி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு வழி தெரியவில்லை; முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்று புள்ளியியல் பார்வையிலும் கேள்வி வந்தது. அதை வைத்து ஒரு தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

பயம் பிள்ளைக்குப் போக மரபணு தேவையில்லையே. பட்டாசுச் சத்தத்தில் உங்கள் கை சட்டென்று அவளை இழுத்து அணைத்திருக்கும், ஹெலிகாப்டர் வந்தால் உங்கள் முகம் மாறியிருக்கும், வீட்டில் யாரும் பேசாத பெயர்கள் சில இருக்கும். பிள்ளைகள் இதையெல்லாம் படித்துவிடுகிறார்கள். இப்படிப் படித்ததை மாற்றவும் முடியும், அதுதான் நல்ல செய்தி. மகளோடு நீங்களும் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், உங்களுக்கும் அது தேவைப்படலாம். நடந்ததை அவள் வயதுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வேளாண்மை படிக்கிறேன். செடிகளில் எபிஜெனெடிக் மாற்றம் பல தலைமுறை நிற்கும் என்று பேராசிரியர் சொன்னார். அப்படியானால் அங்கே லாமார்க் சரிதானே? – ஒரு மாணவர், கோவை

பேராசிரியர் சொன்னது சரி. செடிகளில் வைஸ்மானின் சுவரே கிடையாது. இலையும் தண்டும் கொடுத்த நுனியே பிறகு பூவும் விதையும் கொடுக்கிறது, மெத்திலைத் துடைப்பதும் பாலூட்டிகளைப் போல அவ்வளவு கடுமையாக நடப்பதில்லை.

இதற்கு ஓர் அருமையான செடி உண்டு. 1742-இல் ஒரு மாணவர் ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவில் லினாரியா செடியின் விசித்திர வடிவம் ஒன்றைக் கண்டெடுத்தார். வழக்கமான லினாரியாப் பூ இடம் வலம் சமமாக, வாய் திறந்த முகம் போல, கீழே ஒரு வாலோடு இருக்கும். இதில் ஐந்து பக்கமும் ஒரே மாதிரி, ஐந்து வால். தாவரவியல் மேதை லின்னேயஸ் அதைப் பார்த்து ஆடிப்போய், 1744-இல் அதைப் பற்றி எழுதினார், பெலோரியா என்று பெயரும் வைத்தார். 1999-இல் பிலார் கூபாஸ், கோரல் வின்சென்ட், என்ரிக்கோ கோயென் மூவரும் அதே வகைப் பூவின் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணுவின் எழுத்தில் அதை விளக்கும் மாற்றம் எதுவும் இல்லை, மெத்தில் மட்டும் அடர்த்தியாக ஒட்டியிருந்தது. சில கிளைகளில் மெத்தில் உதிர்ந்து, பூ பழைய வடிவத்துக்குத் திரும்பியதையும் பார்த்தார்கள்.

தலைமுறைகள் தாண்டி நிற்கும் குறிக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் ஐந்து வால் அந்தச் செடிக்கு எந்தத் தேவைக்காக வந்தது? எதற்காகவும் இல்லை. சாதாரண மரபணுப் பிழை வருவது மாதிரியே இந்த மெத்தில் பிழையும் வந்திருக்கிறது, நல்லதா கெட்டதா என்பதைத் தேர்வு பார்த்துக்கொள்ளும். டார்வினின் சாப்பாட்டுத் தட்டில் இது இன்னொரு பதார்த்தம்.

லாமார்க்குக்கு உண்மையிலேயே கிட்டத்தில் வருவது பாக்டீரியாதான். கிரிஸ்பர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மரபணுவை வெட்டி ஒட்டும் கருவியாக. அது முதலில் பாக்டீரியாவின் தற்காப்பு. தயிர், சீஸ் தொழிலில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவை வைரஸ் தாக்கினால், பிழைத்தவை அந்த வைரஸின் டிஎன்ஏவிலிருந்து ஒரு துண்டைப் பிடித்துத் தன் டிஎன்ஏவிலேயே செருகிவைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும், வாரிசுகளுக்கும் அந்தத் துண்டு போகும். 2007-இல் ரொடால்ஃப் பராங்கூவும் ஃபிலிப் ஓர்வாத்தும் அவர்களுடைய சகாக்களும் இதைச் சோதனையில் காட்டினார்கள். என்ன ஆபத்து வந்ததோ அதற்கே பொருத்தமான மாற்றம், வாழ்நாளில் சம்பாதித்தது, பரம்பரையாகவும் போகிறது. கரூர் ஆசிரியைக்குச் சொன்ன மூன்று கேள்விக்கும் ஆமாம்! யூஜீன் கூனின் போன்ற பரிணாம அறிஞர்கள் இதை லாமார்க்கியம் என்றே அழைக்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், இது எபிஜெனெடிக்ஸே அல்ல, டிஎன்ஏ எழுத்தே மாறுகிறது. அப்படி ஒரு ஏற்பாட்டைக் கட்டிக் கொடுத்ததும் கோடிக்கணக்கான வருஷ இயற்கைத் தேர்வுதான்.

இடையில் சி. எலிகன்ஸ் என்ற புழு இருக்கிறது. இஸ்ரேல் அறிஞர் ஓடெட் ரெகாவியின் ஆய்வுகளில், பட்டினியோ வைரஸோ தூண்டிய சிறு ஆர்என்ஏக்கள் புழுவின் பல தலைமுறைக்கு இறங்கின. நீர்த்துப்போகாமல் இருக்கக் காரணம், அந்தப் புழுவிடம் சிறு ஆர்என்ஏவை வைத்துப் புது நகல் எடுக்கும் நொதி இருக்கிறது. பாலூட்டிகளிடம் அந்த ஏற்பாடு இல்லை. புழுவில் பார்த்ததை நேராக மனிதனுக்குச் சொல்லிவிட முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

கேள்வி: லாமார்க் தவறு என்பதில் அரசியல் இருக்கிறதா? சோவியத் யூனியனில் லாமார்க்கை ஆதரித்தார்களாமே? – ஒரு வாசகர், மதுரை

அரசியல் இருந்தது, ஆனால் நீங்கள் நினைக்கும் திசையில் இல்லை. சோவியத் வேளாண் விஞ்ஞானி திரோஃபிம் லிசென்கோ, குளிர் காட்டிய விதையின் குணம் வாரிசுக்கும் போகும், அதனால் பயிரை வேண்டியபடி மாற்றலாம் என்றார். ஸ்டாலினுக்கு அது பிடித்தது. எதிர்த்துப் பேசிய நிகோலாய் வாவிலோவ், உலகம் முழுக்கச் சுற்றி விதை சேர்த்து வைத்த மாமனிதர், 1940-இல் கைதாகி 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948-இல் மரபணுவியலையே அதிகாரபூர்வமாக ஒடுக்கினார்கள். இதில் லாமார்க்கின் குற்றம் ஒன்றுமில்லை, அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அவர் பெயரைக் கேட்டாலே உயிரியல் அறிஞர்கள் பலர் முகம் சுளிப்பதற்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம்.

கேள்வி: எல்லாவற்றையும் இல்லை இல்லை என்றால், எபிஜெனெடிக்ஸுக்குப் பரிணாமத்தில் இடமே கிடையாதா? – ஒரு வாசகி, திருச்சி

உண்டு. நான் இல்லை என்றது லாமார்க் ஜெயித்தார் என்பதை மட்டும்தான்.

எபிஜெனெடிக்ஸ் என்ற துறைக்கு 1942-இல் பெயர் வைத்த கான்ராட் வாடிங்டனே இதற்கு ஒரு வழி காட்டினார். பழ ஈக்களின் கூட்டுப்புழுக்களை நான்கு மணி நேரம் 40 டிகிரிச் சூட்டில் வைத்தார். வெளியே வந்த சில ஈக்களின் இறக்கையில் குறுக்கு நரம்பு ஒன்று காணாமல் போயிருந்தது. அப்படிப்பட்டவற்றை மட்டும் பொறுக்கி இனம் பெருக்கி, அவற்றின் வாரிசுகளுக்கும் சூடு காட்டி, மறுபடி பொறுக்கினார். பதினான்கு தலைமுறை தாண்டியதும், சூடே காட்டாத ஈக்களிலும் குறுக்கு நரம்பில்லாதவை பிறக்கத் தொடங்கின. பார்த்தால் அப்படியே லாமார்க்! சூட்டில் சம்பாதித்த குணம் பரம்பரையில் ஏறிவிட்டது.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. சூட்டுக்கு யார் அப்படி மாறுவார்கள் என்பதில் ஈக்களுக்குள் ஏற்கெனவே மரபணு வித்தியாசங்கள் ஒளிந்திருந்தன. சாதாரண வெப்பத்தில் அவை வெளியே தெரியவில்லை. சூடு அவற்றை வெளியே காட்டிற்று, வாடிங்டனின் தேர்வு அவற்றை ஒன்றுசேர்த்தது, போதுமான அளவு சேர்ந்ததும் சூடு இல்லாமலே குணம் வந்தது. அதற்குச் சான்றும் உண்டு: நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி மரபணு வித்தியாசம் இல்லாமல் ஆக்கிய ஈக்களில் எவ்வளவு பொறுக்கினாலும் இது நடப்பதில்லை. சூழல் முதலில் உடம்பை வளைக்கிறது, மரபணு பின்னால் வந்து அதை உறுதி செய்கிறது. எபிஜெனெடிக் குறிகள் ஒரு கூட்டத்துக்குச் சில தலைமுறை தாக்குப்பிடிக்க நேரம் வாங்கிக் கொடுக்கலாம் என்று இன்று பலர் ஆராய்வது இந்தப் பாதையில்தான். நான் ஆவலோடு எதிர்பார்க்கும் ஆய்வுகளும் இவைதான்.